டெஸ்க்டாப் சிஎன்சிக்கு எந்தப் பெட்டி? பெங்களூரு ஃபிளாட்வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

3018 மெஷின் (30-க்கு 18 செ.மீ. பரப்பில் கம்ப்யூட்டர் சொல்படி வெட்டிச் செதுக்கும் சின்ன சிஎன்சி) ஒன்றை வாங்கி, மேஜைமேல் பூட்டி, முதல் பெயர்ப்பலகையை வெட்டி முடித்த கையோடு வரும் அடுத்த கேள்வி, இதை எதற்குள் வைத்து மூடுவது என்பதுதான். அதற்குள் கட்டில், புத்தகம், லேப்டாப் கீபோர்டு என்று எல்லாவற்றிலும் தூள் படிந்திருக்கும். வீட்டில் உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பார்கள்.

"3018-க்கு எந்த என்க்ளோஷர் நல்லது?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். மாடல் எண்ணை வைத்துப் பெட்டியின் நீள அகலத்தைத்தான் சொல்ல முடியும். அதை எதில் செய்வது, எவ்வளவு கனமாகச் செய்வது, எங்கே ஓட்டை விடுவது என்பதெல்லாம் நீங்கள் வெட்டும் பொருளையும் குடியிருக்கும் வீட்டையும் பொறுத்தது. அல்சூரில் இரண்டாவது மாடியில் ராத்திரி எம்டிஎஃப் (மர இழையைப் பசையோடு அழுத்திய பலகை) வெட்டுகிறவருக்கும், பீன்யாவில் ஒரு ஷெட்டின் மூலையில் பிசிபி எனும் மின்சுற்றுப் பலகையில் தடம் கீறுகிறவருக்கும் மெஷின் ஒன்றாக இருக்கலாம், பெட்டி ஒன்றாக இருக்காது.

1. முதலில் மூன்று கேள்விகள்

என்ன வெட்டுகிறீர்கள்? மரம், எம்டிஎஃப் என்றால் தூசிதான் முதல் எதிரி. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதல் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது. எம்டிஎஃப் தூளில் பசையும் கலந்திருக்கும். பிசிபி என்றால் தூள் கொஞ்சம்தான், ஆனால் எஃப்ஆர்4 போர்டில் இருப்பது கண்ணாடி இழை. அது நுரையீரலுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. அலுமினியம் என்றால் தூசிப் பிரச்சினை குறைவு. சுடச்சுடத் தெறிக்கும் கூரான சீவல்தான் தொல்லை, அது கன்ட்ரோலர் போர்டின்மேல் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். அக்ரிலிக் வெட்டினால் பனிபோல் சீவல் பறந்து எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும், ஆபத்து குறைவு.

எப்போது வெட்டுகிறீர்கள்? பகலில் மட்டும் என்றால் சத்தத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஐடி வேலை முடிந்து வந்து ஒன்பது மணிக்குமேல்தான் நேரம் கிடைக்கும் என்றால் கதை வேறு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வீட்டுக்குள் ஓடும் மெஷினுக்காக யாரும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை. அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் வரும், அவ்வளவுதான். வாடகை வீடு என்றால் அதுவே போதும்.

மெஷினில் லேசர் இருக்கிறதா? இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 3018-ஐ வாங்கும்போதே 450 நானோமீட்டர் நீல லேசர் ஒன்றைச் சேர்த்து விற்கிறார்கள். அது இருந்தால் ஜன்னல், புகைவழி இரண்டையும் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

2. அளவெடுப்பது

விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவை நம்பி வாங்கிவிடாதீர்கள். அது மெஷின் சும்மா நிற்கும்போது எடுத்த அளவு. 3018-இல் ஸ்பிண்டில் (பிட் எனும் வெட்டும் அலகைச் சுழற்றும் மோட்டார்) பக்கவாட்டில் போகும், வெட்டும் பொருளை வைக்கும் படுகை முன்னும் பின்னும் போகும். படுகையின் ஆழம் 180 மி.மீ., அதன் ஓட்டம் இன்னொரு 180 மி.மீ. ஆக 360 மி.மீ. இடத்தை அது துடைத்துக்கொண்டு போகும். சட்டத்தின் ஆழம் பெரும்பாலும் 330 மி.மீ. அளவில்தான் இருக்கும். போதாக்குறைக்கு, படுகையைவிட நீளமான பலகையைக் கிளாம்ப் போட்டு வைத்தால் அதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிப்பிடித்தாற்போல் பெட்டி வாங்கியவர்கள் முதல் நாளே படுகை கதவில் இடிக்கும் சத்தத்தைக் கேட்பார்கள். மோட்டார் ஸ்டெப் தவறி மெஷின் தன் இடக்கணக்கை இழந்துவிடும், செய்த வேலை குப்பைக்குப் போகும்.

ஆகவே மெஷினை ஆன் செய்து, ஒவ்வொரு அச்சையும் இரண்டு கோடிக்கும் நகர்த்தி, ஒவ்வொரு கோடியிலும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மோட்டாரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடித் திருகு, கேபிள் வளைவு, ஸ்பிண்டில் உச்சியில் இருக்கும்போது அதன் தலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

அதன்மேல் எவ்வளவு விடுவது? பக்கங்களில் தலா 75 முதல் 100 மி.மீ., முன்னால் 150 மி.மீ. இருக்கட்டும். முன்னால் விடுவது உங்கள் கைக்கு. பிட் மாற்றும்போது இரண்டு ஸ்பேனர் பிடித்த கைகள் உள்ளே போக வேண்டும். தலைக்குமேல் 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வேக்யூம் குழாய் சட்டென்று வளையாது, இடம் இல்லாவிட்டால் ஸ்பிண்டிலைப் பிடித்து ஒரு பக்கமாக இழுக்கும். இழுத்தால் வட்டம் வட்டமாக வராது.

3018-க்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 45 செ.மீ. உயரம் வரும். நம் கணக்கில் இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி உயரம். இந்த அளவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட் ஒன்றில் ஆறு பக்கமும் வெட்டியபின் நாலுக்கு மூன்றடித் துண்டு மிஞ்சும். அதை எறிந்துவிடாதீர்கள், வேக்யூமுக்கு ஒரு பெட்டி செய்ய அது வேண்டும். 6040 போன்ற பெரிய மெஷின் என்றால் இந்தச் சலுகை கிடையாது. பெட்டி ஒரு சின்ன பீரோ அளவுக்குப் போகும், அதற்குக் கால் வைத்துத் தனி மேஜையாகவே கட்டிவிடுவது நல்லது.

நீளமான பலகை செதுக்கும் எண்ணம் இருந்தால் பக்கவாட்டில் ஒரு சின்னத் திறப்பு வைத்து அதற்கு மூடியும் போடச் சொல்லுங்கள். பெட்டி கட்டி முடித்தபின் வெட்டினால் பெயிண்ட் உதிர்ந்து அசிங்கமாக இருக்கும்.

3. சத்தம்

இங்கேதான் மக்கள் காசைக் கொட்டி ஏமாறுகிறார்கள். ஸ்பாஞ்சு ஒட்டினால் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்து முட்டை அட்டை மாதிரி இருக்கும் கறுப்பு ஃபோமை வாங்கி, அக்ரிலிக் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு, ஏன் இன்னும் கேட்கிறது என்று முழிக்கிறார்கள். ஃபோம் செய்வதெல்லாம் பெட்டிக்குள் எதிரொலிக்கும் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் விழுங்குவதுதான். சத்தம் சுவரைத் தாண்டாமல் தடுப்பது கனம். சுவரின் எடை இரண்டு மடங்கானால் 5 முதல் 6 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் குறைந்ததுபோலத் தெரியும்.

சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று பார்த்தால் எந்தப் பொருள் எங்கே நிற்கிறது என்பது விளங்கிவிடும். 3 மி.மீ. அக்ரிலிக் மூன்றரைக் கிலோதான். 5 மி.மீ. அக்ரிலிக் 6 கிலோ. 12 மி.மீ. ப்ளைவுட் 8 கிலோ பக்கம். 18 மி.மீ. எம்டிஎஃப் 13 கிலோ. 6 மி.மீ. கண்ணாடி 15 கிலோ. 1.2 மி.மீ. இரும்புத் தகடு ஒன்பதரைக் கிலோ. தகடு ப்ளைவுட்டைவிடக் கனம், ஆனால் மணி மாதிரி அதிரும். அதற்கு மருந்து கார் கதவுக்குள் ஒட்டும் பியூட்டில் ஷீட். ஜே.சி. ரோட்டில் கார் ஆக்சஸரி கடைகளில் கேட்டால் கிடைக்கும். பழைய இரும்பு பீரோ ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால், அதற்குள் இந்த ஷீட்டை ஒட்டி மெஷினை வைப்பது நல்ல யோசனைதான்.

இதைவிட முக்கியமானது ஓட்டை. சுவரின் பரப்பில் ஒரு சதவீதம் திறந்திருந்தால் சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்குமேல் குறையாது. ஒரு சதவீதம் என்பது கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். நம் இரண்டடிப் பெட்டியின் மொத்தப் பரப்பு சுமார் 18,600 சதுர செ.மீ., அதில் ஒரு சதவீதம் 186. இப்போது 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றுக்கு ஓட்டை போடுங்கள், 113 சதுர செ.மீ. போய்விட்டது. கதவைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி இருந்தால் இன்னொரு 63. இரண்டும் சேர்ந்து 176. ஒரு ஃபேனும் ஒரு தளர்ந்த கதவுமே கணக்கை முடித்துவிட்டன. 18 மி.மீ. பலகை வாங்கிக் கதவுக்கு ரப்பர் பீடிங் போடாமல் விடுவதைவிட, 12 மி.மீ. பலகை வாங்கி பீடிங்கும் இழுத்துப் பிடிக்கும் கொக்கியும் போடுவது மேல்.

ஆசாரியிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும். "கிச்சன் கேபினெட்டுக்கே மேக்னெட் கேட்ச் போதும் சார், இந்தச் சின்ன டப்பாக்கு எதுக்கு டாகிள் லாக்?" என்று கேட்பார். மேக்னெட் கதவைச் சாத்தித்தான் வைக்கும், ரப்பரை நசுக்காது. ரப்பர் நசுங்கினால்தான் இடைவெளி அடைபடும்.

மூன்றாவதாக, தரை வழியாகப் போகும் அதிர்வு. அல்சூரில் நண்பர் ஒருவர் நல்ல கனமான பெட்டிதான் செய்திருந்தார். அவர் அறையில் நின்றால் பெரிதாக ஒன்றும் கேட்காது. கீழ் வீட்டு மாமி லிஃப்டில் பார்த்து, "தம்பி, உங்க வீட்ல நைட்டெல்லாம் மிக்சி ஓடுதா?" என்று கேட்டார். காற்றில் போகும் சத்தம் அடங்கியிருந்தது. மேஜைக்கால் வழியாகத் தளத்தில் இறங்கிய அதிர்வு அப்படியே கீழ் வீட்டுக் கூரையில் ஒலித்திருக்கிறது. இதற்குப் பெட்டி உதவாது. மெஷினுக்குக் கீழே ஒரு கனமான பலகை, அதற்குக் கீழே ரப்பர், இதுதான் வழி. நம் ஊரில் இது சல்லிசு. கிரானைட் கடைகளில் கிச்சன் மேடைக்கு வெட்டியதுபோக மிஞ்சிய துண்டு கேளுங்கள். ஒன்றேமுக்கால் அடிச் சதுரத்தில், 18 மி.மீ. கனத் துண்டு 14 கிலோ இருக்கும். அதற்குக் கீழே நான்கு மூலையிலும் வாஷிங் மெஷினுக்கு வைக்கும் ரப்பர் பாதம். கிரானைட் பெட்டியின் சுவரைத் தொடக் கூடாது, சுற்றி ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். நண்பர் வீட்டில் இதைச் செய்தபின் மாமி மிக்சி பற்றிப் பேசவில்லை, தன் பேரனுக்குப் பெயர்ப்பலகை கேட்டார்.

கடைசியாக வேக்யூம். 775 மோட்டார் போட்ட சின்ன ஸ்பிண்டிலைவிட வீட்டு வேக்யூம் கிளீனர்தான் அதிகம் அலறும். மெஷினைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு வேக்யூமைப் பக்கத்தில் திறந்து வைத்தால் செலவு செய்ததில் அர்த்தமில்லை. அதற்கும் ஒரு பெட்டி வேண்டும். ஆனால் அதன் மோட்டார் குளிரக் காற்று வெளியேறியாக வேண்டும். ஆகவே காற்று நேராக வராமல் பலகைத் தடுப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து வெளியேறும்படி செய்யுங்கள். மிச்சம் கிடக்கும் அந்த நாலுக்கு மூன்றடித் துண்டு இதற்குத்தான்.

4. எதில் செய்வது

ரெடிமேடாக 3018-க்கு வரும் அக்ரிலிக் பெட்டிகள் பார்க்க அழகு. பிசிபி மட்டும் செய்கிறவருக்கு, பகலில் வேலை செய்கிறவருக்குச் சரி. தூள் பறக்காது, குழந்தையின் கை உள்ளே போகாது. சத்தம் பெரிதாகக் குறையாது என்று தெரிந்தே வாங்குங்கள். துணி, ரெக்சின் கூடாரம் மாதிரி வருபவை 3டி பிரிண்டருக்காகச் செய்தவை. அவற்றின் வேலை சூட்டை உள்ளே பிடித்து வைப்பது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

நாகசந்திராவில் ஐக்கியா திறந்த 2022-இலிருந்து லேக் மேஜை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பெட்டி செய்யும் யோசனை இங்கேயும் பரவிவிட்டது. 55-க்கு 55 செ.மீ. மேஜை அது, பிரிண்டருக்கு நன்றாகவே ஒத்துவரும். சிஎன்சிக்கு வேண்டாம். அந்த மேஜைப்பலகை உள்ளே காகிதக் கூடுதான், கனமே இல்லை. ஸ்பிண்டில் அதிர்ந்தால் அதுவும் சேர்ந்து ஆடும்.

அலுமினிய ப்ரொஃபைல் சட்டம் போட்டுப் பேனல் மாட்டுவது பலருக்குப் பிடித்த முறை. பிரித்து எடுத்து வீடு மாற்றலாம், பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களுக்கு அது பெரிய வசதி. பேனல் எதுவென்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைப் பலகைக்குப் போடும் ஏசிபி ஷீட் மலிவு, துடைக்கச் சுலபம், ஆனால் 4 மி.மீ. ஷீட்டே ஐந்தரைக் கிலோதான். சட்டத்தின் பள்ளத்தில் பேனல் தளர்வாக உட்கார்ந்தால் மெஷின் ஓடும்போது கடகடவென்று ஆடும், அதற்கும் ரப்பர் வேண்டும்.

என் ஓட்டு பலகைக்குத்தான். ராத்திரி மரம் வெட்டுகிறவருக்கு 18 மி.மீ. எம்டிஎஃப் அல்லது அதைவிடக் கெட்டியான எச்டிஎச்எம்ஆர். மெஷின் பால்கனியை ஒட்டிய யூட்டிலிட்டியில் இருக்கப் போகிறது என்றால் சாதா எம்டிஎஃப் வேண்டாம், மழைக்காலச் சாரல் பட்டால் ஓரம் ஊதிக்கொள்ளும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள ப்ளைவுட் ஈரத்துக்குத் தாங்கும். உட்புறம் வெள்ளை சன்மைக்கா ஒட்டுங்கள். விளக்கு வெளிச்சம் பரவும், தூள் எங்கே சேர்கிறது என்று தெரியும், ஈரத்துணியால் ஒரு இழுப்பில் துடைக்கலாம். அலுமினியம் வெட்டி எண்ணெய் தெளிக்கிறவர்களுக்கு சன்மைக்கா கட்டாயம், இல்லாவிட்டால் பலகை எண்ணெயைக் குடித்துவிடும்.

எடையை மட்டும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். நம் அளவுப் பெட்டி 12 மி.மீ. ப்ளைவுட்டில் 15 கிலோவுக்குள் வரும், 18 மி.மீ. எம்டிஎஃபில் 25 கிலோ. கிரானைட்டும் மெஷினும் சேர்ந்தால் ஒரு ஆள் எடை. ஐடிக்காரர்கள் வைத்திருக்கும் மடக்கு மேஜை இதைத் தாங்காது.

5. ஜன்னலும் கதவும்

முன்பக்கம் முழுவதும் ஒளி ஊடுருவும் ஷீட்டாக இருந்தால் வீடியோ எடுக்க நன்றாக இருக்கும். சத்தம் அந்த வழியாகத்தான் வெளியே வரும். 18 மி.மீ. பலகைக் கதவில் ஏ4 தாளைவிடச் சின்னதாக ஒரு ஜன்னல் போதும், மிச்சத்தைப் பார்க்க உள்ளே ஒரு வெப்கேம் வைத்துவிடலாம்.

ஷீட் அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்ற சண்டைக்குப் பதில் உங்கள் பிட்டில் இருக்கிறது. 3.175 மி.மீ. பிட் 10,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் நுனியின் வேகம் மணிக்கு 6 கி.மீ.தான், நடக்கிற வேகம். முறியும்போது துண்டு சுண்டிவிட்டதுபோல் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும், ஆனால் 5 மி.மீ. அக்ரிலிக் அதைத் தடுத்துவிடும். அதே மெஷினில் ட்ரிம் ரவுட்டரை (ஆசாரிகள் மர ஓரம் சீவும் கைமெஷின்) மாட்டி, மேல்பரப்பைச் சமன் செய்யும் 22 மி.மீ. சர்ஃபேசிங் பிட்டை 18,000-இல் விட்டால் நுனி வேகம் மணிக்கு 75 கி.மீ. பிட்டின் கார்பைடு துண்டோ, தளர்ந்த கிளாம்ப்போ அந்த வேகத்தில் வந்தால் அக்ரிலிக் விரிந்து உடையும். அங்கே பாலிகார்பனேட் தவிர வேறு பேச்சு வேண்டாம். அது சுலபமாகக் கீறல் விழும், தின்னரோ அசிட்டோனோ பட்டால் வெளுத்து வெடிக்கும். சோப்புத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள்.

லேசர் இருந்தால் தெளிந்த ஷீட் எதுவும் பாதுகாப்பு இல்லை, அக்ரிலிக்கும் சரி பாலிகார்பனேட்டும் சரி. நீல ஒளி அப்படியே தாண்டி வந்து கண்ணில் அடிக்கும். ஆரஞ்சு நிறமாக இருந்தால் போதும் என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். 450 நானோமீட்டருக்கு எத்தனை ஓடி (OD, ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) என்று அச்சிட்டுக் கொடுக்கும் ஷீட்டாக வாங்குங்கள். இல்லாவிட்டால் ஜன்னலே வேண்டாம், கேமரா போதும்.

கதவு மேல்நோக்கித் திறந்தால் வேலை செய்யச் சுகம். கிச்சன் கேபினெட்டுக்குப் போடும் ஹைட்ராலிக் ஸ்டே இரண்டு போட்டால் திறந்த இடத்தில் நிற்கும்.

6. காற்று, தூசி, சூடு

எல்லா ஓட்டையையும் அடைக்கச் சொல்லிவிட்டு இப்போது ஓட்டை போடச் சொல்கிறேன். முழுக்க அடைத்த பெட்டியில் வேக்யூம் இழுக்கக் காற்று இருக்காது, அதன் மோட்டார் திணறிச் சூடாகும். ஆகவே ஒரே ஒரு உள்வழி, அதுவும் வளைந்த வழி. பெட்டியின் பின்புறம் கீழே ஒரு அடி நீளத்துக்குப் பலகையால் சந்து கட்டி, உள்ளே இரண்டு தடுப்பு மாறி மாறி வைத்தால் காற்று வளைந்து வரும், சத்தம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் சாகும். இந்தச் சந்துக்குள் மட்டும் ஃபோம் ஒட்டுவது உண்மையிலேயே பலன் தரும். சுவரெல்லாம் ஒட்ட ஆசைப்பட்டால் பியூ ஃபோம் சுலபமாகத் தீப்பிடிக்கும் என்பதையும் தூளைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ராக்வூல் எரியாது, ஆனால் அதன் இழை பறக்காமல் துணி போட்டு மூட வேண்டும்.

சூட்டைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. சாதா 3018 முழுவதும் 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரில் ஓடுகிறது. எல்லாம் சூடாக மாறினாலும் 120 வாட்டைத் தாண்டாது. வேக்யூம் ஓடும்வரை அது ஒரு பொருட்டே அல்ல. 500 வாட் ஸ்பிண்டிலோ ட்ரிம் ரவுட்டரோ போட்டு வேக்யூம் இல்லாமல் மணிக்கணக்கில் ஓட்டினால்தான் உள்ளே அடுப்பாகும். பவர் சப்ளையும் கன்ட்ரோலர் போர்டும் மட்டும் எப்படியும் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். தூசியிலிருந்தும் சூட்டிலிருந்தும் ஒருசேரத் தப்பிக்கும். மோட்டார் வயரை நீட்டும்போது கரன்ட் இருக்கும் நிலையில் பிளக்கைப் பிடுங்காதீர்கள், டிரைவர் சிப் போய்விடும்.

வேக்யூமுக்கு முன்னால் ஒரு சைக்ளோன் வாளி வையுங்கள். பெருந்தூள் வாளியில் விழுந்துவிடும், ஃபில்டர் அடைக்காது. எம்டிஎஃபும் எஃப்ஆர்4-உம் வெட்டுகிறவர்கள் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்யூமாக வாங்க வேண்டும். இல்லையென்றால் பெட்டிக்குள் பிடித்த நுண்தூளை அறைக்குள் ஊதிவிடும். பிசிபி தூளை வாயாலோ ப்ளோயராலோ ஊதாமல் ஈரத் துணியால் எடுங்கள். முடிந்தால் பிசிபிக்கு எஃப்ஆர்4-ஐ விட்டு எஃப்ஆர்1 போர்டுக்கு மாறுங்கள், அது காகிதத்தால் ஆனது.

லேசர் புகைக்கு வேக்யூம் போதாது. கிச்சன் சிம்னிக்குப் போடும் அலுமினிய மடிப்புக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட வேண்டும். வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போட முடியாது. ஸ்லைடிங் ஜன்னல் திறந்த இடத்துக்குச் சரியாக ஒரு ப்ளைவுட் பட்டை வெட்டி, அதில் குழாய்க்கு ஓட்டை போட்டுச் செருகிவிடலாம். ரெக்சின், பிவிசி எதையும் லேசரில் வைக்காதீர்கள். கிளம்புவது ஹைட்ரஜன் குளோரைடு, மெஷினையும் அரிக்கும் நெஞ்சையும் அரிக்கும்.

7. கரன்ட்

பெட்டிக்கு வெளியே, கதவைத் திறக்காமலே கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு அவசர பட்டன் ஒன்று வேண்டும். அது சாஃப்ட்வேருக்குச் சொல்லாமல் நேராக மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஸ்பிண்டில், வேக்யூம் இரண்டும் நிற்கும்படி வயர் போடுங்கள்.

கதவு திறந்தால் மெஷின் நிற்கச் சின்ன லிமிட் சுவிட்ச் ஒன்று போதும். மெஷினின் கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருளான ஜிஆர்பிஎல் 1.1-இல் சேஃப்டி டோர் என்றே ஒரு வசதி இருக்கிறது. கன்ட்ரோலர் போர்டு அர்டுயினோ ஊனோ என்றால் அது ஃபீட் ஹோல்டு (ஓட்டத்தை நிறுத்தி வைக்கும்) பின்னையே, அதாவது ஏ1-ஐயே பயன்படுத்தும், கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியைத் திறந்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும்.

அலுமினியச் சட்டத்தை எர்த் செய்யுங்கள். பிளாஸ்டிக் குழாயில் நுண்தூள் ஓடும்போது நிலைமின்சாரம் சேர்ந்து, பட்டென்று ஒரு பொறி, யூஎஸ்பி அறுந்து வேலை பாதியில் நிற்கும். யூஎஸ்பி கேபிள் குட்டையாக, மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் உருளை உள்ளதாக இருக்கட்டும். ஸ்பிண்டில் வயரோடு சேர்த்து ஒரே ஓட்டையில் இழுக்காதீர்கள். பெஸ்காம் கரன்ட் போய் வந்தால் பட்டன் அழுத்தினால் தவிர மெஷின் தானாகக் கிளம்பாத மாதிரி வைத்துக்கொள்வதும் நல்லது.

8. எங்கே வாங்குவது

மின்சாமான், சுவிட்ச், ஃபேன், எல்இடி பட்டை, ஃபெரைட் எல்லாவற்றுக்கும் எஸ்.பி. ரோடு. தமிழ், கன்னடம், இந்தி எதில் கேட்டாலும் வேலை நடக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். ப்ளைவுட்டுக்கு மைசூர் ரோடு டிம்பர் யார்டு பக்கம். பேனல் சா வைத்திருக்கும் கடையாகப் பார்த்து அளவைக் கொடுத்து அங்கேயே வெட்டி வாங்கிவிடுங்கள், மூலை கச்சிதமாக வரும். வீட்டுக்கு வந்து கை ரம்பத்தால் வெட்டினால் கதவு எந்தக் காலத்திலும் ஒட்டாது. இரும்புப் பெட்டி வேண்டுமென்றால் பீன்யாவில் தகடு வளைத்துக் கொடுப்பவர்களிடம் வரைபடத்தோடு போங்கள். ஒற்றைப் பீஸ் என்றால் சிலர் முகம் கொடுக்க மாட்டார்கள், பொறுமையாக இரண்டு மூன்று கடை ஏறி இறங்க வேண்டும்.

9. வைத்தபின் சோதனை

உள்ளே எல்இடியை எரியவிட்டு, கதவைப் பூட்டி, அறை விளக்கை அணைத்துச் சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் சத்தமும் கசியும். அங்கே பீடிங்.

அடுத்து, பெட்டி காலியாக, தூளே இல்லாமல் இருக்கும்போது வேக்யூமைப் போட்டு ஒரு ஊதுபத்தியை உள்வழி அருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். எங்காவது வெளியே தள்ளினால் வேக்யூமின் காற்று எங்கோ திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

மொபைலில் டெசிபல் ஆப் ஒன்று போட்டு, ஒரு மீட்டர் தள்ளி, கதவு திறந்தும் மூடியும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எண் துல்லியமாக இருக்காது, வித்தியாசம் சரியாக இருக்கும். அப்புறம் கீழ் வீட்டில் மணி அடித்து, ஐந்து நிமிடம் அவர்கள் ஹாலில் நின்று கேட்க அனுமதி கேளுங்கள். புகார் வந்தபின் போவதைவிட அது நல்லது.

தீ விஷயத்தில் மட்டும் பெட்டி உங்களைச் சோம்பேறியாக்கிவிடும். மூடிவிட்டோமே என்று கடைக்குப் போய்விடத் தோன்றும். மழுங்கிய பிட் ஒரே இடத்தில் தேய்ந்து மரம் கருகினால் அந்தத் தணலை வேக்யூம் உறிஞ்சிக்கொண்டு போய்த் தூள் குவியலின் நடுவே வைக்கும். ஒன்றும் ஆகாத மாதிரி இருந்துவிட்டு அரை மணி கழித்துப் புகையும். பெட்டிக்கு மேலே ஒரு ஸ்மோக் அலாரம், அறை வாசலில் ஒரு ஏபிசி பவுடர் தீயணைப்பான். ராத்திரி வேலை முடிந்ததும் சைக்ளோன் வாளியைத் திறந்து கையால் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்றால் மட்டும் மூடிவிட்டுப் படுக்கப் போங்கள்.